மன்னார்க் கூத்தின் அடுத்த கொப்பியை யார் எழுதுவது?

2025 பெப்ரவரியில் பேஸ்புக் ஒரு அறிவிப்பு விட்டது. இனிமேல் நேரலை வீடியோக்கள் 30 நாள்தான் பக்கத்தில் கிடக்கும். பழைய நேரலைகளும் படிப்படியாக அழிக்கப்படும். வேண்டுமெண்டால் அறிவித்தல் வந்து 90 நாளுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் விஷயம். பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கோயில் திருவிழாவில் ஆடின கூத்தை விடிய விடிய 'லைவ்' போட்ட ஊர்களுக்கு அது சின்னச் செய்தி இல்லை. கனடாவிலும் பிரான்சிலும் இருந்து சொந்தக்காரர் கண்முழித்துப் பார்த்த அந்த இரவுக்கு வேறு பிரதி யாரிடம் இருக்கு?

இந்தக் கேள்வியோடுதான் நாங்கள் மன்னார்க் கூத்தின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கியது. இந்தக் கூத்துகள் தானாகத் தப்பி வரவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் குந்தியிருந்து கொப்பி எடுத்ததால்தான் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒரு சொல்லுக்குள் ஒரு வரலாறு

மன்னாரில் ஆடப்படும் ஒரு நாடகத்தின் பெயர் 'என்றீக்கு எம்பரதோர்'. ஹென்றி எண்ட பேரரசனின் கதை. 'எம்பரதோர்' எண்டது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லில் இருந்து வந்தது. 1544 இல் மன்னாரில் புதிதாக மதம் மாறிய நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண அரசன் கொல்வித்தான். 1560 இல் போர்த்துக்கீசர் மன்னார்த் தீவைப் பிடித்தார்கள். 1658 இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது, கத்தோலிக்கம் தடைக்குள்ளானது. அரசுகள் மாறின. அந்தச் சொல் மட்டும் தமிழாகி, விருத்தத்துக்குள்ளும் தருவுக்குள்ளும் புகுந்து, ஊர்வாயில் தங்கிவிட்டது. பாடப்புத்தகத்தில் நாலு வரியில் முடிகிற காலம் கூத்தில் இரவு முழுக்க ஆடப்படுகிறது.

மன்னார்க் கூத்தில் இரண்டு பாங்குகள் சொல்லுவார்கள். ஒன்று மாதோட்டப் பாங்கு, இதற்குத் தென்பாங்கு எண்டும் பெயர். மற்றது யாழ்ப்பாணப் பாங்கு, அதாவது வடபாங்கு. வடிவத்திலும் வித்தியாசம் இருக்கு. நாடகம் நீளமானது, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போகும். அதைச் சுருக்கி ஒரே இரவில் ஆடுவது வாசாப்பு. புனிதர்களின் கதைகள், குழந்தை யேசுவைத் தேடிப்போன மூன்று அரசர்களின் கதை எண்டு பெரும்பாலும் கத்தோலிக்கக் கதைகள்தான். ஆனால் ஆட்டமும் பாட்டும் தமிழ்க் கூத்து மரபின் ஆட்டமும் பாட்டும்தான்.

ஏடு, கொப்பி, அச்சு

இந்த நாடகங்கள் முதலில் ஏட்டில் இருந்தன. ஏடு பழுதாகப் பழுதாகப் புது ஏட்டில் எழுதினார்கள். பிறகு கடதாசிக் கொப்பிகள் வந்தன. கொப்பி அண்ணாவியாரின் வீட்டில் இருக்கும். அதை இலேசில் வெளியே குடுக்க மாட்டார்கள் எண்டது கூத்து ஆடுகிற ஊர்களில் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பார்த்து எழுதினவர் சில இடங்களில் பிழை விட்டிருப்பார், சில இடங்களில் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சேர்த்திருப்பார். அதனால்தான் ஒரே நாடகம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறி நிற்கிறது.

1956 க்குப் பிறகு பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவூடாகக் கூத்துக்குப் புது உயிர் கொடுத்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எண்டு அவர் மேடையேற்றினவை பற்றி எல்லாரும் பேசுகிறோம். அதே 1960களில் அவர் செய்த இன்னொரு வேலை பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம். 'என்றீக்கு எம்பரதோர் நாடகம்', 'மூவிராசர் வாசகப்பா' போன்ற மன்னார்ப் பிரதிகளைப் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்தார். ஊரின் கொப்பி அப்போதுதான் நூலகத்தின் தட்டுக்குப் போனது.

அச்சு சொல்லைக் காப்பாற்றியது. ஆனால் மெட்டு? புத்தகத்தில் 'விருத்தம்', 'தரு' எண்டு தலைப்பு மட்டும் இருக்கும். அதை எந்த இழுவையில் பாடுவது, மத்தளம் எங்கே விழும், ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார் எண்டது அண்ணாவியாரின் தொண்டையிலும் காலிலும்தான் இருக்கு.

தொலைந்த காலம்

தட்டுக்குப் போனதெல்லாம் தப்பவும் இல்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் போயின. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டி, புத்தளம் பக்கம் போனார்கள். 2007 முதல் பெருநிலப்பரப்பின் தமிழ் ஊர்கள் இடம்பெயர்ந்து, வன்னிக்குள் ஓடி, 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் போய் நின்றன. உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் உறுதியையும் அடையாள அட்டையையும் எடுப்பாரா, கூத்துக் கொப்பியை எடுப்பாரா?

இதில் நாங்கள் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று இருக்கு. மன்னாரின் நினைவு கத்தோலிக்கக் கூத்தோடு முடிவதில்லை. முஸ்லிம் ஊர்களின் பாட்டும் பேச்சும், முத்துக்குளிப்புக் காலக் கதைகளும், திருக்கேதீச்சரத்தைச் சுற்றின வழக்குகளும் சேராமல் செய்கிற எந்தச் சேகரமும் அரைச் சேகரம்தான்.

இணையக் கொப்பி

1998 இல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. 2005 இல் தன்னார்வலர்கள் சிலர் ஈழத்து நூல்களுக்காக 'நூலகம்' தளத்தைத் தொடங்கினார்கள். இண்டைக்கு எங்களில் யாராவது ஈழத்துப் பழைய இதழைத் தேடினால் முதலில் போவது அங்கேதான். படம், ஒலி, காணொளிக்கு எண்டு அவர்களின் 'ஆவணகம்' தனியாக இருக்கு. எரிந்த நூலகத்துக்கு எங்கட சமூகம் கொடுத்த பதில்களில் இதைப் பெரியதாக நாங்கள் நினைக்கிறோம்.

ஆனால் ஏற்றினால் மட்டும் போதாது. வாசாப்பு, வாசகப்பா எண்டு இரண்டு விதமாக எழுதுகிறோம். என்றீக்கு, எண்டிறீக்கு எண்டு பெயரே மாறுகிறது. ஒரு எழுத்து மாறினால் தேடுபொறிக்கு அது வேறு பொருள். யூரியூப்பில் 'எங்கள் ஊர்க் கூத்து' எண்டு மட்டும் தலைப்புப் போட்ட வீடியோவை இருபது வருடம் கழித்து யார் கண்டுபிடிப்பது? எந்த ஊர், எந்த வருடம், எந்தப் பாங்கு, அண்ணாவியார் யார் எண்டு நாலு வரி இல்லாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

அடுத்தது, யாருடைய அனுமதி? அவுஸ்திரேலியாவின் ரெனன்ற் கிறீக்கில் வாழும் வறுமுங்கு பழங்குடி மக்கள் 2007 இல் தங்களுக்கான ஒரு டிஜிட்டல் காப்பகத்தை ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். அதன் பெயர் 'முக்குர்ட்டு'. பெறுமதியான பொருட்களைப் பத்திரப்படுத்தும் பையை அவர்கள் மொழியில் அப்படிச் சொல்லுவார்கள். இறந்தவரின் படத்தை யார் பார்க்கலாம், எந்தச் சடங்கைப் பெண்கள் மட்டும் பார்க்கலாம் எண்ட ஊர் ஒழுங்கை அந்த மென்பொருளே பின்பற்றும். இண்டைக்கு வேறு நாடுகளின் பழங்குடிச் சமூகங்களும் அதைப் பாவிக்கின்றன.

அதை வாசித்த பிறகுதான் கொப்பியைக் குடுக்காத அண்ணாவியாரை நாங்கள் வேறு விதமாக விளங்கினோம். அது கஞ்சத்தனம் இல்லை. நேர்த்திக்காக, திருவிழாவுக்காக, பழகினவர்கள் ஆட வேண்டிய ஒன்றைக் கண்டபடி விடக்கூடாது எண்ட பொறுப்பு அது. கமராவோடு போகிற நாங்கள் அந்தப் பொறுப்பையும் சேர்த்து வாங்கத்தான் வேணும். எதைப் பொதுவில் போடலாம், எதை ஊருக்குள் மட்டும் வைக்கலாம் எண்டு முதலில் கேட்க வேணும். பதிவின் ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்க வேணும், அவர் பெயர் முதல் வரியில் வர வேணும்.

இதற்குப் பெரிய திட்டம், நிதி எண்டு காத்திருக்கத் தேவையில்லை. மன்னாரில் இருந்து வந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிற நாங்கள் லீவுக்கு வீட்டுக்குத்தானே போகிறோம். கையில் போன் இருக்கு. முழுக் கூத்தையும் எடுக்க முடியாவிட்டால் ஒரு தருவை எடுப்போம். மெட்டை ஒருக்கால் மெதுவாகவும் ஒருக்கால் ஆட்ட வேகத்திலும் பாடச் சொல்லிக் கேட்போம். கொப்பியின் பக்கங்களை நல்ல வெளிச்சத்தில் படம் பிடிப்போம். ஒரு பிரதி ஊரில், ஒன்று ஹாட் டிஸ்க்கில், அனுமதி கிடைத்தால் ஒன்று பொதுக் காப்பகத்தில். பேஸ்புக்கில் போடுவதெண்டால் போடுவோம், ஆனால் அதைப் பெட்டகம் எண்டு நம்பமாட்டோம்.

முன்னுக்குக் கொப்பி எடுத்தவர்கள் குப்பி விளக்கில் இருந்து எழுதினார்கள். பலரின் பெயர்கூட மிஞ்சவில்லை. எழுதினது மிஞ்சி எங்கட கைக்கு வந்திருக்கு. இப்ப எங்கட முறை.