காலக்கெடு காக்கும் செயலி

1985இல் வெளிவந்த அட்டாரி எஸ்டி கணினியின் செயலி வேகம் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். ஆயினும் இசைக்கலைஞர் பலர் அதனை நாடினர். மிடி இணைப்பு அதிலேயே அமைந்திருந்தது. அது ஒலியைக் கையாளவில்லை. இசைக்கருவிகளுக்கு ஆணைகளையே அனுப்பியது. 1991இல் வந்த புரோ டூல்ஸ் ஒலியையே கணினிக்குள் கொணர்ந்தது. அதற்கெனத் தனி டிஎஸ்பி அட்டைகளும் பெரும்பொருளும் வேண்டியிருந்தன.

1996இல் ஸ்டைன்பெர்க்கின் கியூபேஸ் விஎஸ்டி அப்பணியை மையச் செயலியிடமே ஒப்படைத்தது. அன்றுமுதல் செயலித் தேர்வு வீட்டு இசைஞரின் கவலையாயிற்று.

2005இல் இரட்டைக் கோர் செயலிகள் மேசைக்கணினிகளுக்கு வந்தன. பின்னர் கோர்களின் எண்ணிக்கையே வலிமையின் அளவுகோலாகக் கருதப்படலாயிற்று. ஒலியின் இயல்போ வேறு. நொடிக்கு 44,100 மாதிரிகள். தவணைக்கு 128 எனக் கொண்டால், செயலிக்குக் கிடைக்கும் கெடு ஏறத்தாழ 2.9 மில்லிநொடி. கெடு தவறினால் ஒலி வெடித்துச் சிதறும். ஒரே தடத்தில் அடுத்தடுத்து அமைந்த பிளகின்கள் முந்தையது முடியும்வரை காத்திருப்பவை. அவ்வரிசையைப் பல கோர்களுக்குப் பங்கிடுவது அரிது. தடங்கள் பெருகும்போது கோர்கள் உதவும். பாடிக்கொண்டே பதிவுசெய்யும் ஒற்றைத் தடத்துக்கோ ஒரு கோரின் விரைவே துணை.

ஆகவே, சிறுபொருள் கொண்டு செயலி தேர்வோர் முதலில் நோக்கவேண்டியது கோர்களின் எண்ணிக்கையை அன்று. ஒரு கோரின் விரைவையே.