மரமும் மொழியும்: வெபியின் கரேன் மக்களும் அமெரிக்க ஆமிஷ் மக்களும்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வேற்று மண்ணில் வேரூன்றிய மக்கட் கூட்டங்கள் உலகில் பல. அவற்றுள் சில, இரண்டு மூன்று தலைமுறைக்குள் சுற்றியிருந்த பெருங்கூட்டத்தில் கரைந்து, தம் பெயரையும் பேச்சையும் மறந்தன. வேறு சில, எண்ணிக்கையில் மிகச் சிறியனவாக இருந்தும், நூறாண்டு கடந்தும் முந்நூறாண்டு கடந்தும் தம் மொழியோடும் வழக்கத்தோடும் வாழ்ந்து வருகின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? இத்தீவிற் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஒவ்வொருவரும் ஆராயத்தக்க வினா இது. விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ரங்கத்துக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் மாயாபந்தர் இருக்கிறது. அதனை அடுத்த வெபி என்னும் சிற்றூர் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

வெபி தோன்றிய வரலாறு

வெபியில் வாழ்வோர் கரேன் மக்கள். பர்மாவின் மலைகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் தொன்றுதொட்டு வாழ்ந்த இனத்தார். 1858ஆம் ஆண்டில் ஆங்கில அரசு போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பை நிறுவிய பின், இத்தீவுகளின் பெருங்காடுகள்மீது அதன் கண் சென்றது. 1883இல் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை எழுந்தது. காட்டு வேலை பெருகப் பெருக, அவ்வேலைக்குப் பழகிய கைகள் தேவைப்பட்டன. சோட்டா நாகபுரியிலிருந்து ராஞ்சி மக்கள் வந்ததும், பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்ததும் இக்காரணம் பற்றியே.

கரேன் குடும்பங்கள் இங்கே வந்திறங்கிய ஆண்டு 1925. அவர்களை அனுப்பி வைத்ததில் பெரும் பங்கு கொண்டவர், இன்செயின் நகரத்துக் கரேன் இறையியற் கல்லூரியின் தலைவராயிருந்த மார்ஷல் என்னும் அமெரிக்கர். கரேன் மக்களைப் பற்றி 1922இல் விரிவான நூலொன்று எழுதியவரும் அவரே. முதலில் வந்தவை சில குடும்பங்களே. பின்னர் வேறு சில குடும்பங்கள் அவர்களைத் தொடர்ந்தன. காட்டைத் திருத்தி அவர்கள் அமைத்த ஊரே வெபி. 'மறைந்த நகர்' என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். இன்று மாயாபந்தர் வட்டாரத்தில் வேறு சில ஊர்களிலும் அவர்கள் வாழ்கின்றனர். எல்லோரையும் கூட்டினும் ஏறத்தாழ ஈராயிரவரே. 2025ஆம் ஆண்டோடு அவர்கள் வந்து நூறாண்டு நிறைந்துவிட்டது.

இந்நூறாண்டில் அவர்கள்மீது வீசிய காற்று சிறிதன்று. அவர்கள் வந்த நாளில் பர்மா இந்தியப் பேரரசின் ஒரு மாகாணம். கப்பலேறினால் உறவினர் முகம் காணலாம். 1937இல் பர்மா தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. 1942 முதல் 1945 வரை இத்தீவுகள் ஜப்பானியர் ஆட்சியில் துயருற்றன. 1948இல் பர்மா விடுதலை பெற்றது. தாயகம் அயல்நாடாயிற்று. திரும்பிச் செல்ல வழியில்லாத ஒரு சிறு கூட்டம், வங்காளியும் இந்தியும் தமிழும் தெலுங்கும் ஒலிக்கும் தீவில் தனித்து நின்றது. அந்நிலையிலும் அது சிதறவில்லை.

சிதறாது காத்தவை இரண்டு. ஒன்று வழிபாடு. கரேன் மொழிக்கு எழுத்து வடிவம் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். அமெரிக்க பாப்திஸ்து ஊழியர் ஜோனதன் வேட் என்பார் பர்மிய எழுத்தைத் தழுவி அதனை அமைத்தார். 1853இல் விவிலியம் முழுவதும் அம்மொழியில் வெளிவந்தது. வெபிக்கு வந்தவர்கள் அந்த நூலையும் அந்த எழுத்தையும் உடன் கொண்டு வந்தனர். ஆகவே அவர்தம் கோயில் தொழுகைக்கும் இடமாயிற்று, தாய்மொழிக்குப் பள்ளியுமாயிற்று. மற்றொன்று கைத்தொழில். அதனைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

படாக் மரமும் கைவினையும்

அந்தமான் காடுகளின் செல்வம் படாக் மரம். இத்தீவுகளின் மாநில மரமும் அதுவே. இயற்கையில் இத்தீவுகளையன்றி வேறெங்கும் வளராத இம்மரம், நம் நாட்டு வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய உறவு. வைரம் பாய்ந்த கட்டை செக்கச் சிவந்திருக்கும். நாட்பட நாட்பட நிறம் கருத்து ஆழ்ந்து அழகு பெறும். கறையான் எளிதில் அண்டாது. அமெரிக்க வணிகர் இதன் நிறம் கண்டு 'வெர்மிலியன்' என்றே பெயரிட்டு வழங்கினர். அடிமரத்திலிருந்து பலகைபோல் விரிந்து நிற்கும் பக்க வேரை அறுத்து, ஒட்டுப் போடாமல் ஒரே துண்டில் வட்ட மேசை செய்வது இத்தீவுத் தச்சரின் தனிச் சிறப்பு.

கரேன் மக்கள் காட்டை அறிந்தவர்கள்; மரத்தின் தன்மையையும் அறிந்தவர்கள். ஒரே அடிமரத்தைக் குடைந்து ஓடம் செய்வதில் அவர்தம் திறன் இத்தீவுகளிற் பெயர் பெற்றது. கால்கள் மீது உயர்த்திக் கட்டிய வீடு, மூங்கிலிலும் பிரம்பிலும் முடைந்த கூடை ஆகியவை அவர்தம் வாழ்க்கையோடு பிறந்தவை. இத்தொழில்களை அவர்கள் ஏட்டிற் படித்ததில்லை. தந்தை வாய்ச்சி பிடித்த இடத்தில் மைந்தன் நின்று பார்த்தான். பார்த்த கை பழகிற்று. பழகும்போது தந்தை சொல்லும் சொற்களும் உடன் பழகின. மரத்தின் பெயர், கருவியின் பெயர், காற்றின் பெயர், 'மெல்ல', 'இன்னும் சற்று ஆழமாக' என்னும் சிறு சொற்கள் யாவும் தாய்மொழியிலேயே காதில் விழுந்தன. தொழில் கற்றவன் மொழியையும் கற்றான்.

நிற்க. மரத்தொழிலுக்கு இத்தீவுகளில் இன்று முன்போல் வாய்ப்பில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. சாத்தத்திலும், ரங்கத்தை அடுத்த பேட்டாப்பூரிலும் அரசு ஆலைகள் மரம் அறுத்த காலத்தில், காடு வற்றாத ஊற்று என்று பலரும் எண்ணினர். அவ்வெண்ணம் பிழையாயிற்று. 2002ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை, வணிக ஆலைகளுக்காகக் காட்டு மரம் வெட்டுவதை நிறுத்தி, தீவு மக்களின் மெய்யான தேவைக்கு மட்டும் அளவோடு இடமளித்தது. காட்டுக்கும், காட்டிலேயே வாழும் பழங்குடியினர்க்கும் அது காவல். ஆயினும் மரத்தை நம்பி வாழ்ந்த கைகளுக்கு அது பெரும் மாற்றம். கரேன் இளைஞரும் இன்று பள்ளியில் இந்தி கற்று, வேறு வேலை நாடுகின்றனர். கைத்தொழில் குன்றும் இடத்தில் மொழி எவ்வாறு நிற்கும் என்பது அவர்களுக்கும் இனிமேல்தான் சோதனை.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இச்சோதனையை முன்னரே கண்ட ஒரு சமூகம் அமெரிக்காவில் உண்டு. ஆமிஷ் என்பது அதன் பெயர். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, ஆல்சேஸ் ஆகிய பகுதிகளில் 1693ஆம் ஆண்டையொட்டி யாக்கோபு அம்மான் என்பாரைப் பின்பற்றிப் பிரிந்த கிறித்தவப் பிரிவினர் அவர்கள். குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குக் கூடாது, அறிவு வந்தபின் தானே விரும்பி ஏற்க வேண்டும் என்பதும், போர்த்தொழில் ஆகாது என்பதும் அவர்தம் கொள்கை. அதன்பொருட்டுத் துன்புற்று, 18ஆம் நூற்றாண்டில் சமய உரிமை வழங்கிய பென்சில்வேனியாவுக்குக் கடல் கடந்தனர். இன்றும் வீட்டில் பழைய ஜெர்மானியக் கிளைமொழி ஒன்றைப் பேசுகின்றனர். பள்ளியிலும் வெளியாரிடத்தும் ஆங்கிலம் பேசுகின்றனர். செல்வதற்குக் குதிரை வண்டி. உடுப்பதற்கு எளிய உடை.

அவர்கள் முதலில் உழவர்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்பங்கள் பெருகின. நிலத்தின் விலை ஏறிற்று. எல்லா மைந்தர்க்கும் வயல் கொடுக்க இயலவில்லை. காடு குன்றியபோது நம் தீவுத் தச்சருக்கு நேர்ந்தது போன்ற நெருக்கடியே அது. அப்போது அவர்கள் நகரத்து ஆலைகளை நோக்கி ஓடவில்லை. வீட்டின் பின்புறத்தில் பட்டறை அமைத்தனர். ஓஹையோவின் ஹோம்ஸ் வட்டாரத்திலும் இந்தியானாவிலும் நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி செய்யும் பட்டறைகள் பெருகின. ஓக், செர்ரி, மேப்பிள் முதலிய திண்ணிய மரங்களை எடுத்து, ஒரு சட்டத்தில் துளையிட்டு மற்றதன் முனையை அதற்கேற்பச் செதுக்கிப் பொருத்தும் பழைய முறையில் உறுதியாக இணைப்பர். அப்பொருள்களுக்கு இன்று அந்நாடெங்கும் மதிப்பு உண்டு.

பட்டறைகளில் பொறி அறவே இல்லை என்று எண்ண வேண்டா. ஊர்ப்பொது மின்கம்பியை வீட்டுக்குள் விடமாட்டார்கள்; ஆனால் டீசல் எந்திரம் கொண்டு காற்றை அழுத்தி, அவ்வழுத்தத்தால் வாளும் துளைப்பானும் ஓட்டும் பட்டறைகள் பல. தொலைபேசி வீட்டுக்குள் வேண்டா, வேலியோரத்துச் சிறு கொட்டிலில் இருக்கட்டும் என்று முடிவு செய்த ஊர்களும் உண்டு. புதிது எதுவாயினும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: இது குடும்பத்தைக் கூட்டுமா, பிரிக்குமா? ஒவ்வொரு சபையும் கூடி ஆய்ந்து விடை காண்கிறது.

அவர்தம் வழக்கங்களுள் நாம் உற்று நோக்கத்தக்கது மற்றொன்று. பெரும்பாலான ஆமிஷ் மக்களுக்குக் கோயிற் கட்டடம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் வழிபாடு நடக்கும். அதற்கென முதுகுச் சாய்வில்லாத எளிய மரப்பலகை இருக்கைகள் செய்து வைத்திருக்கின்றனர். அவை ஒரு வண்டியில் ஏற்றப்பட்டு வீடு வீடாகச் செல்லும். திருமணத்துக்கும் அவ்விருக்கைகளே, இறப்பு நேர்ந்த வீட்டுக்கும் அவ்விருக்கைகளே. அவ்வண்டி வாயிலில் வந்து நில்லாத வீடு அச்சபையில் இல்லை. 1900ஆம் ஆண்டையொட்டிச் சில ஆயிரவராயிருந்த அம்மக்கள், 2024இல் 4 இலட்சத்தை எட்டினர். பிள்ளைகள் மிகுதி என்பது ஒரு காரணம். வளர்ந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் தாமே விரும்பி அச்சமூகத்தில் நிலைப்பது மற்றொரு காரணம்.

எட்டாம் வகுப்போடு கல்வியை நிறுத்தும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. 1972இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதனை அவர்தம் சமய உரிமை என ஏற்றது. நமக்கு அது ஒவ்வாது. நம் பிள்ளைகள் மேன்மேலும் கற்றல் வேண்டும். பிறரிடம் கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளுவதே அறிவுடைமை.

நம் நிலை

இனி நம்மை நோக்குவோம். பர்மாவோடு நமக்கும் பழைய தொடர்பு உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாக நிற்பவை பர்மாத் தேக்கு மரங்கள். நம்மவர் அங்கே சென்று பொருளீட்டி மரம் கொணர்ந்தனர். கரேன் மக்கள் அங்கிருந்து வந்து இங்கே மரம் திருத்தினர். இரு சாராரும் இன்று ஒரே தீவில் அண்டை அயலார். ஆயின் அவர்கள் ஈராயிரவர். நாமோ அவர்களிலும் பன்மடங்கு மிக்கவர்கள். எண்ணிக்கை தரும் மயக்கமே நம் பகை.

2001ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் நூற்றுக்கு 17 பேருக்குச் சற்று மிகுதி. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அது 15 பேராகக் குறைந்தது. தாயகம் திரும்பியோர் சிலர் இருக்கலாம். பிற மொழியாளர் பெருகியதும் ஒரு காரணமாகலாம். எனினும் நம் வீடுகளில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் விளையாடும்போது எம்மொழி பேசுகின்றனர் என்று செவி கொடுத்துக் கேட்டால், எஞ்சிய காரணம் விளங்கும். அரசுப் பள்ளிகள் சிலவற்றில் தமிழ்வழி வகுப்புகள் உண்டு. வகுப்பு இருந்தென்ன? அதில் இருத்தற்குப் பிள்ளைகளை அனுப்புவோர் வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை விழாவெடுக்கிறோம்; மேடையில் பிள்ளைகள் தமிழிற் பேசக் கைதட்டுகிறோம்; பொங்கலிடுகிறோம். இவை யாவும் நன்றே. ஆனால் வெபியும் ஹோம்ஸ் வட்டாரமும் காட்டும் உண்மை இது: ஆண்டுக்கு ஒருநாள் எடுத்துக் காட்டும் பொருள் காட்சிப் பொருளாகும், அன்றாடம் கைபட்டுத் தேயும் பொருளே வழிவழி நிற்கும். கட்டிலும் தொட்டிலும் அப்படியே, மொழியும் அப்படியே. நம்முள் தச்சர் உளர், தையற்காரர் உளர், கொத்தர் உளர், மீன்பிடிப்போர் உளர், சமையலில் வல்ல தாய்மார் உளர். அவரவர் தொழிலைத் தம் மக்களுக்கும் அண்டை வீட்டு மக்களுக்கும் தமிழிற் சொல்லிக் கொடுத்தால், உளியும் இழைப்புளியும் ஊசியும் வலையும் நமக்குத் தமிழாசிரியர் ஆகும். மகன் மருத்துவம் கற்கட்டும். மகள் பொறியியல் கற்கட்டும். விடுமுறை நாளில் தந்தையோடு ஒரு முக்காலி செய்யக் கற்பதால் அக்கல்வி குறைந்துவிடாது.

சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். நம் தச்சர் ஒருவரிடம், முறைப்படி வாங்கிய மரத்தால் உறுதியான பெட்டியொன்று செய்யச் சொல்வோம். அதனுள் இருபது முப்பது தமிழ் நூல்களும், பிள்ளைகள் எழுதிப் பழகக் குறிப்பேடுகளும் வைப்போம். இரண்டு வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து அப்பெட்டி காலனி முழுதும் செல்லட்டும். பெட்டி வந்த வீட்டில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு மாலை கூடட்டும். மூத்தோர் தாம் இத்தீவுக்கு வந்த கதையைச் சொல்லட்டும். இளையோர் அதனைத் தமிழில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கட்டும். பத்தாண்டு சென்றால், ரங்கத்துத் தமிழரின் வரலாறு நம் பிள்ளைகளின் கையெழுத்திலேயே அப்பெட்டிக்குள் நிறைந்திருக்கும்.

செலவு சிறிது, பயன் பெரிது. அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அப்பெட்டி நம் காலனியில் பாதி வீடுகளையாவது கண்டிருத்தல் வேண்டும். முதல் வீடாக நம் வீடு இருக்கட்டும் என்று முன்வரும் குடும்பம் எதுவோ, அதுவே இவ்வாண்டு விழாவின் சிறந்த பரிசைப் பெற்ற குடும்பமாகும்.