சுண்டு, கொத்து, புசல்
இலங்கையின் எல்ல, பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் தொழிலாளருக்கு அரிசியை அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். 4 சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். இந்த வாய்ப்பாடு எந்த விதியில் நிற்கிறது என்பதை 1886 இல் கணிதமாக எழுதியவர் பெர்சி மக்மஹோன். 1873 இல் பீரங்கிப் படை அதிகாரியாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டவர். ஓர் எண்ணைப் பகுதிகளாகப் பிரித்தால், அப்பகுதிகளைக் கொண்டு அதைவிடச் சிறிய ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு விதமாகத்தான் கூட்டிப் பெற முடிய வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. அதற்கு முதற்பகுதி 1 ஆக வேண்டும்; பிறகு நுழையும் புதிய அளவு ஒவ்வொன்றும் அதுவரை சேர்ந்த மொத்தத்தைவிடச் சரியாக 1 கூடியிருக்க வேண்டும். 3 சுண்டுக்கு அடுத்தது 4 சுண்டு, அதாவது கொத்து; இப்படி வளரும் அளவு ஒவ்வொன்றும் முந்தையதன் முழு மடங்காகவே அமையும். இத்தகைய பகுப்புகளை எண்ணவும் வழி சொன்னார்: எண்ணோடு 1 ஐக் கூட்டி, அதை எத்தனை விதமாகக் காரணிகளின் பெருக்கமாக எழுதலாம் என்று பார்க்க வேண்டும், வரிசை மாறினால் அது வேறு விதம். 7 க்கு 4 பகுப்புகள், 127 க்கு 64. 6 க்கு ஒன்றுதான், ஏனெனில் 7 பகா எண்.

தமிழகத்து முகத்தலளவையும் இந்த விதியைத்தான் காத்தது. 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி; மேலே போனால் 3 தூணி ஒரு கலம். பாதி பாதியாகப் பிரிக்கும் வசதியில் வந்த பழக்கம், இதில் கணிதம் எங்கே என்று கேட்கலாம். பாதியாக்குவது மட்டுமே காரணமென்றால் 5 செவிட்டுக்கும் 3 தூணிக்கும் இடமில்லை. பெருக்கும் எண் மாறினாலும், பெரிய அளவு சிறியதன் முழு மடங்கு என்பது எங்கும் மாறவில்லை. 1, 2, 3 ஆழாக்கு என மூன்று பாத்திரங்கள் வைத்திருந்தால் 3 ஐ இரண்டு விதமாக அளக்கலாம். எழுத்தறியாதவர் எண்ணிச் சரிபார்க்கும் இடத்தில் அது வழக்குக்கு வழி. சூத்திரம் தெரியாமலே அந்த வழியை அடைத்தவர்களின் அறிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதனால் தோட்டத்தில் நியாயம் நிலைத்ததா என்பது கனமான கேள்வி. இல்லை. வாய்ப்பாடு எண்ணிக்கையைத்தான் காக்கும். கொத்தின் அடி மேடாக இருந்தாலோ, தலைதட்டி அளந்தாலோ, கணக்கில் பிழையே இல்லாமல் அரிசி குறையும். ஆகவே தோட்டத்துப் பங்கீட்டின் வரலாற்றுக்குக் கணக்கப்பிள்ளையின் ஏடு மட்டும் சான்றாகாது. அளந்த பாத்திரமும் வேண்டும். எல்ல, பதுளை அடங்கிய ஊவாவின் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் பழைய கொத்தோ சுண்டோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நீர் ஊற்றி அதன் கொள்ளளவை அளந்து, எந்தத் தோட்டத்தில் புழங்கியது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.