‘சர்க்கிள்ஸ்’ பிறந்த கதை

2018 ஆகஸ்ட் 3 அன்று ராப்பர் மேக் மில்லரின் ‘ஸ்விம்மிங்’ ஆல்பம் வெளிவந்தபோது, அதன் தம்பிக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: ‘சர்க்கிள்ஸ்’. இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்தால் ‘வட்டமடித்து நீந்துதல்’ என்று வரவேண்டும், அதுதான் அவர் போட்ட கணக்கு. ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் 7 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் இறந்துபோனார். ஃபென்டனில், கொக்கைன், மது மூன்றும் சேர்ந்து தவறுதலாக உயிரைக் குடித்தன என்றது பிரேதப் பரிசோதனை. வயது 26.

பிட்ஸ்பர்க் பையன். பெற்றோர் வைத்த பெயர் மால்கம் மெக்கார்மிக். ஊர்ப் பூங்காவில் இருக்கும் நீலச் சறுக்குமரத்தின் பெயரையே 2011-இல் தன் முதல் ஆல்பத்துக்கு வைத்தார். ‘ப்ளூ ஸ்லைட் பார்க்’ பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு 19 வயது. விமர்சகர்கள் பலர் மதிக்கவில்லை. மதிப்பைப் பிறகு ஒவ்வோர் ஆல்பமாகச் சம்பாதித்தார்.

‘சர்க்கிள்ஸ்’ கதையில் அடுத்து வருபவர் ஜான் பிரையன், சினிமாவுக்கு இசையமைப்பவர். ‘எடர்னல் சன்ஷைன்’ படத்தின் இசை அவருடையது. மில்லர் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டியது ராப் பாடல்களைத்தான். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு வேறு சிலவற்றையும் போட்டார். ராப் இல்லை, முணுமுணுப்பாகப் பாடிய பாட்டுகள். இதை விடாதே என்றார் பிரையன். ‘சர்க்கிள்ஸ்’ கருக்கொண்டது அங்கேதான் என்பேன்.

மில்லர் போனபின் பாட்டுகள் பாதியில் நின்றன. அவருடன் கழித்த நாட்களையும் பேசிய பேச்சுகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு பிரையன் முடித்துக் கொடுத்தார். 2020 ஜனவரி 17-இல் ஆல்பம் வெளியானது. இப்படி வெளியிடுவதில் எது சரி என்று எங்களுக்கே தெளிவில்லை என்று குடும்பம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஏனென்றால் ஹிப்ஹாப்பில் இறந்தவர் குரல் பட்ட பாடு கொஞ்சமல்ல. நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்ட 16-ஆம் நாள் வந்த ‘லைஃப் ஆஃப்டர் டெத்’ அவரே முடித்து வைத்தது, அது வேறு. 1999-இல் வந்த ‘பார்ன் அகெய்ன்’ அப்படியல்ல. பழைய வரிகளை வெட்டியெடுத்து, சுற்றிலும் விருந்தாளி ராப்பர்களை உட்காரவைத்த பந்தி அது. இலை போட்டவர் மட்டும் இல்லை.

‘சர்க்கிள்ஸ்’ அந்தப் பந்தியை வைக்கவில்லை. 12 பாடல், ‘ஹேண்ட் மீ டவுன்ஸ்’ பாட்டில் பாரோ சுரா பாடுவதைத் தவிர வெளிக்குரல் என்று சொல்ல எதுவும் இல்லை. ‘குட் நியூஸ்’ ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. தாளம் லேசாகத் தட்டிக்கொண்டே இருக்க, சோர்ந்த குரல் அவசரமில்லாமல் நடக்கிறது. அதைத் தூக்கி நிறுத்த யாரும் முயலவில்லை என்பதுதான் அதன் அழகு. ஆர்தர் லீயின் பழைய பாட்டு ஒன்றையும் ‘எவ்ரிபடி’ என்ற பெயரில் பாடியிருக்கிறார். சாவு பற்றிய பாட்டு, இந்த ஆல்பத்தில் கேட்க வயிற்றைப் பிசைகிறது.

குறையும் உண்டு. ‘ப்ளூ வேர்ல்ட்’ துள்ளி முடிந்த பிறகு, நடுவில் சில பாட்டுகள் ஒரே நடையில் போகின்றன. மில்லர் இருந்திருந்தால் இரண்டையாவது கலைத்துப் போட்டிருப்பார் என்று தோன்றுகிறது. ராப் கேட்க வந்தவருக்கு இங்கே தீனி குறைவு. ராப்பராக அவரை அறிய ‘ஸ்விம்மிங்’ போதும். மனிதராக அறிய இதுதான்.

முதல் வாரத்தில் பில்போர்ட் பட்டியலில் மூன்றாம் இடம் கிடைத்தது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 2025 ஜனவரி 17-இல், ‘பலூனரிசம்’ வந்தது. அது ‘ஸ்விம்மிங்’குக்கும் முன்பே, 2014 வாக்கில் பதிவானது. ‘ஸ்விம்மிங்’, ‘சர்க்கிள்ஸ்’ இரண்டுக்கும் பிறகு மூன்றாவதாக, முழுக்க ராப் மட்டுமே உள்ள ஓர் ஆல்பம் திட்டத்தில் இருந்ததாக பிரையன் சொல்லியிருக்கிறார். அது வரவில்லை.