பாலையைக் கடந்த குடும்பங்கள்

1849ஆம் ஆண்டின் இறுதி நாள்களில், கலிபோர்னியத் தங்கத்தைத் தேடிப் புறப்பட்ட சில குடும்பங்கள் மாட்டு வண்டிகளோடு ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் வந்து இறங்கின. சால்ட் லேக் பகுதியிலிருந்து தெற்கே சென்று, பழக்கப்பட்ட பாதையில் மேற்கே திரும்புவதுதான் அவர்களுடைய முதல் எண்ணம். ஆனால் இடைவழியில் கைக்குக் கிடைத்த ஒரு வரைபடம் குறுக்கு வழி ஒன்றைக் காட்டிற்று. அதை நம்பிப் பிரிந்தவர்கள் பல வாரங்கள் அலைந்தபின், எதிரே உயர்ந்த மலைச்சுவரையும் காலடியில் உப்புப் பாளத்தையும் கண்டு திகைத்து நின்றனர்.

தமிழ் அகப்பாடல் மரபில் பொருள்வயிற் பிரியும் தலைவன் தனியனாகவே பாலையைக் கடப்பான். மனையும் மகவும் ஊரிலேயே இருக்கும். இங்கே பொருள் தேடிய பயணத்தில் குடும்பமே உடன் வந்தது. பென்னட், ஆர்க்கன் என்னும் இரு குடும்பங்களில் மட்டும் நான்கு குழந்தைகள் இருந்தனர். வண்டி ஏற முடியாத மலைக்கு முன்னே, ஒரு சுனையருகில் அவர்கள் தங்கிவிட, வில்லியம் லூயிஸ் மேன்லி, ஜான் ராஜர்ஸ் என்னும் இரண்டு இளைஞர்கள் உதவி தேடி நடந்தே புறப்பட்டனர். கலிபோர்னியக் குடியிருப்புகளை அடைந்து, உணவும் ஒரு கோவேறு கழுதையும் கொண்டு அவர்கள் திரும்பி வருவதற்கு 26 நாள்கள் ஆயின. வண்டிகள் அங்கேயே கைவிடப்பட்டன. இரண்டு சட்டைகளைச் சேர்த்துத் தைத்துப் பைகளாக்கி, அவற்றில் சிறு குழந்தைகளை இருத்தி, ஒரு கிழட்டு எருதின் முதுகில் இருபுறமும் தொங்கவிட்டு மலையேறினர். மூன்று வாரங்களுக்கும் மேலாக நடந்து அவர்கள் கரையேறிய கதையை மேன்லி முதுமையில் எழுதிய நூல் 1894இல் வெளிவந்தது. அவர்கள் விட்டுச் சென்ற பெயரே அந்நிலத்துக்கு நிலைத்துவிட்டது: மரணப் பள்ளத்தாக்கு.

இன்று அவ்விடத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் காரில் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். பின் இருக்கையில் குழந்தைகள் உறங்க, முன் இருக்கையில் வரைபடம் விரிய, பூங்கா விட்டுப் பூங்காவாகப் பாலைநிலங்களைச் சுற்றி வருவது அமெரிக்கக் குடும்ப வாழ்வின் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மேன்லியின் நடைக்கும் இந்தக் கார்ப் பயணத்துக்கும் இடைப்பட்ட வரலாறு பெரும்பாலும் சாலைகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அதற்கு முன்பே அந்நிலத்தில் குடும்பங்கள் ஆண்டுதோறும் பயணம் செய்துகொண்டிருந்தன என்பது பிற்பாடுதான் கவனத்துக்கு வந்தது.

திம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு அது மரணத்தின் பள்ளத்தாக்கு அன்று. திம்பிஷா என்னும் சொல் முகத்தில் பூசும் செங்காவிக் கல்லைக் குறிப்பது. அந்தக் கல் கிடைக்கும் நிலம் என்பதால் அதுவே அவர்களுக்கும் பெயராயிற்று. குளிர்காலத்தில் ஃபர்னஸ் க்ரீக் என்னும் ஓடையருகே பள்ளத்தாக்கில் தங்குவர். கோடை முற்றுமுன் குடும்பம் குடும்பமாக மேற்கிலுள்ள பனமிண்ட் மலைகளுக்கு ஏறி, இலையுதிர்காலத்தில் பைன் மரக் கொட்டைகளைச் சேகரித்துக்கொண்டு மீள இறங்குவர். பள்ளத்தாக்கில் அவர்களைக் காத்தது மெஸ்கீட் மரம். நம் ஊர்களில் நீரை உறிஞ்சும் பகையென்று வெட்டிச் சாய்க்கப்படும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவினம் அது. அதன் இனிய காய்களை இடித்து மாவாக்கி அவர்கள் சேமித்து வைத்தனர். 1849இல் வந்தவர்கள் பட்டினியில் வாடியதும் இவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததும் ஒரே மண்ணில்தான். வேறுபாடு, எப்போது அங்கிருக்க வேண்டும், எப்போது அங்கிருந்து ஏறிவிட வேண்டும் என்ற அறிவில் இருந்தது. 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 134 பாரன்ஹீட் வெப்பம்தான் உலகில் இதுவரை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட மிக உயர்ந்த அளவு.

தங்கம் கிடைக்காத அப்பள்ளத்தாக்கில் வெண்காரம் கிடைத்தது. 1883 முதல் சில ஆண்டுகள், கோவேறு கழுதைகள் பூட்டிய பெருவண்டிகள் ஏறத்தாழ 165 மைல் தொலைவிலிருந்த இரயில் நிலையத்துக்கு அதை ஏற்றிச் சென்றன. இருபது கழுதை வண்டி என்று பேர்பெற்ற அதில் உண்மையில் பதினெட்டுக் கழுதைகளும் இரண்டு குதிரைகளும் இருந்தன. அந்தப் பெயரை வணிகச் சின்னமாக்கிப் புகழ்பரப்பியவர்களுள் ஸ்டீவன் மேதர் முதன்மையானவர். அவர்தான் 1916இல் தோன்றிய தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநரானார். பூங்காக்களைக் காப்பதற்கு மக்களின் ஆதரவு வேண்டும். ஆதரவுக்கு மக்கள் வந்து காண வேண்டும். வருவதற்குக் கார்களை வரவேற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. யோசமிட்டியில் கார்கள் அனுமதிக்கப்பட்டது 1913இல், யெல்லோஸ்டோனில் 1915இல். அதற்கு முன் பூங்கா காணல் என்பது இரயிலில் வந்து விடுதியில் தங்கும் செல்வர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது.

மேதர், தாம் ஒருகாலத்தில் பணிபுரிந்த வெண்கார நிறுவனத்தின் நலனைக் கருதுவதாகப் பழி வருமென்று எண்ணி மரணப் பள்ளத்தாக்கைப் பூங்காவாக்க முன்மொழியத் தயங்கினார். அந்நிறுவனமோ, சுரங்க வேலை வேறிடம் பெயர்ந்துவிட்டதால், 1927இல் ஃபர்னஸ் க்ரீக்கில் ஒரு விடுதியைத் திறந்து பயணிகளை எதிர்பார்த்திருந்தது. மேதருக்குப் பின்வந்த ஹொரேஸ் ஆல்பிரைட்டின் காலத்தில், 1933 பிப்ரவரியில், குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். தேசியப் பூங்கா என்னும் தகுதி 1994இல்தான் வந்தது.

யூட்டா மாநிலத்துச் செம்பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றின் கதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. 1909இல் அது பாதுகாக்கப்பட்டபோது தென் பையூட் மக்கள் வழங்கிய முக்குந்துவீப் என்ற பெயரையே பெற்றிருந்தது. உச்சரிக்கக் கடினமான பெயர் பயணிகளைத் தடுக்கும் என்ற கருத்தால், 1918இல் அங்குக் குடியேறியிருந்த மார்மன் சமயத்தார் வழங்கிய பெயர் சூட்டப்பட்டது. அது விவிலியத்தின் சீயோன்; ஆங்கில வழக்கில் ஜையன். மறுஆண்டு அது தேசியப் பூங்காவாயிற்று.

ஜையனுக்குக் கிழக்கே செங்குத்தான பாறை. அதைச் சுற்றிப் போகாமல் பிரைஸ் கேன்யனுக்கோ கிராண்ட் கேன்யனின் வடகரைக்கோ செல்ல இயலாது. 1927இல் தொடங்கி 1930இல் முடிந்த சாலை அந்தப் பாறையையே குடைந்தது. சுரங்கவழியின் நீளம் ஒரு மைலுக்குச் சற்று மேல். பாறையின் வெளிமுகத்தில் முதலில் துளைகள் இட்டு, அவற்றின் வழியே உள்ளே புகுந்து இருபுறமும் குடைந்துகொண்டே சென்றனர். அத்துளைகளே பிறகு பெரும் சாளரங்களாயின. தொடக்க ஆண்டுகளில் குடும்பங்கள் அங்கே காரை நிறுத்திப் பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்பதுண்டு. போக்குவரத்து பெருகியதும் அது தடைசெய்யப்பட்டது. அந்நாளையக் கார்களின் அளவுக்கு அமைந்த அவ்வழியில், பிற்காலத்துப் பெருவண்டிகள் எதிரெதிரே வர இடமில்லை. 1989 முதல் அவை வரும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. 1930இன் கார் எவ்வளவு அகலம் என்று தெரிந்துகொள்ள விரும்புவோர் அந்தப் பாறையையே கேட்கலாம்.

அக்காலப் பயணங்களில் காரின் முன்புறம் ஒரு கித்தான் நீர்ப்பை தொங்கும். நீர் மெல்லக் கசிந்து காற்றில் உலர, உள்ளிருக்கும் நீர் குளிரும். மண்பானையில் நீர் குளிர்வது போலத்தான். ஆயினும் சாலை எல்லாக் குடும்பங்களுக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. கறுப்பினக் குடும்பங்கள் இரவில் தங்க இடம் தருவோர் யார், உணவு தருவோர் யார் என்று ஊர்வாரியாகக் காட்டும் ஒரு கையேட்டை உடன் கொண்டு போயினர். விக்டர் ஹியூகோ கிரீன் என்ற அஞ்சல் ஊழியர் 1936இல் தொடங்கிய கிரீன் புத்தகம் அது. 1960களின் நடுப்பகுதிவரை அது வெளிவந்துகொண்டிருந்தது. பாலையில் அடுத்த ஊர் நூறு மைல் அப்பால் இருக்கையில், ஒரு விடுதிக்காரரின் மறுப்பு வெறும் அவமதிப்போடு நிற்பதில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கூட்டம் பெருகிற்று. பூங்காக்கள் தாங்க முடியாமல் தவித்தபோது, இயக்குநர் கான்ராட் வொர்த், துறையின் ஐம்பதாம் ஆண்டான 1966ஐ இலக்காக வைத்து 1956இல் ஒரு பத்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கினார். சாலைகள், கார் நிறுத்துமிடங்கள், பயணியர் மையங்கள் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ நூறு கோடி டாலர் செலவாயிற்று. யூட்டாவின் ஆர்ச்சஸ் என்னும் பாறை வளைவுகளின் நிலத்தில் அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பருவகாலக் காவலராக இருந்தவர் எட்வர்ட் ஆபி. மண்பாதை மட்டுமே இருந்த அங்கே 1958இல் தார்ச்சாலை வந்தது. சாலைக்காக அளவையாளர்கள் நட்ட முளைகளைத் தாம் ஓர் இரவில் பிடுங்கி எறிந்ததாக அவர் 1968இல் வெளியிட்ட 'டெசர்ட் சாலிட்டேர்' நூலில் எழுதியுள்ளார். கார்களை வாயிலிலேயே நிறுத்திவிட்டு மக்கள் நடந்தோ மிதிவண்டியிலோ உள்ளே செல்லட்டும் என்பது அவர் வாதம். குழந்தைகளையும் முதியோரையும் எண்ணாத பேச்சு என்று அதைத் தள்ளியவர்கள் பலர். அந்தக் குறை அவர் வாதத்தில் உண்டுதான்.

ஆபி கண்டு வருந்தியது மண்ணுக்கும் அமைதிக்கும் நேர்ந்த இழப்பை. அதே பத்தாண்டில் மரணப் பள்ளத்தாக்கில் நேர்ந்தது வேறு வகை இழப்பு. நினைவுச் சின்னம் அறிவிக்கப்பட்டபோது திம்பிஷா மக்கள் தம் சொந்த நிலத்தில் உரிமையற்றவர்களாயினர். 1936இல் ஃபர்னஸ் க்ரீக் அருகே ஏறத்தாழ 40 ஏக்கரில் அவர்களுக்கெனச் சுடாத மண்கற்களால் சில வீடுகள் எழுப்பப்பட்டன. 1957இல் வகுக்கப்பட்ட கொள்கை ஒன்று, காலியாகும் வீடுகளை மீண்டும் குடியேற்றாமல் அகற்றிவிட வழிசெய்தது. கோடையில் மலையேறுவது அம்மக்களின் வழக்கம். ஆளில்லாத வீடுகள்மீது குழாய் நீரை வேகமாகப் பாய்ச்சினர். மண்கல் கரைந்து சேறாகி விழுந்தது. ஆண்டுக்கு இரண்டு அங்குலம் மழையே பெய்யும் நிலத்தில், வீடுகளை இடிக்க நீர் பயன்பட்டது! ஏறத்தாழ அதே காலத்தில்தான், நடந்து போகும் தொலைவில், கோடை விடுமுறைக் குடும்பங்களுக்கான புதிய பயணியர் மையம் எழுந்தது. குடும்பத்தோடு ஊர் விட்டுச் சென்று திரும்புவது இரு சாராருக்கும் பொது. ஒரு சாரார் திரும்பியபோது வீடு இருந்தது.

எஞ்சிய சில குடும்பங்கள் அசையவில்லை. நாற்பத்தைந்து பாகைக்கு மேல் வெயில் கொதிக்கும் கோடையிலும் மலையேறாமல், வீட்டைக் காத்து உட்கார்ந்திருந்தனர். 1983இல் மைய அரசு அவர்களைத் தனி இனக்குழுவாக ஏற்றது. ஆனால் நிலம் இல்லை. 2000ஆம் ஆண்டு நவம்பரில் நிறைவேறிய சட்டம்தான் ஏறத்தாழ 7,700 ஏக்கரை அவர்களுக்கு மீட்டளித்தது. அதில் 300 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பகுதி ஃபர்னஸ் க்ரீக்கிலேயே, பூங்காவின் நடுவில் அமைந்தது. மக்களை வெளியேற்றித் தூய்மை செய்த இடமே பூங்கா என்ற பழைய கருத்து, ஒரு பூங்காவின் உள்ளேயே இனக்குழுவின் நிலத்துக்கு இடம்விட நேர்ந்த அரிய நிகழ்வு அது.

அதே 2000ஆம் ஆண்டின் மே மாதத்தில் ஜையன் பள்ளத்தாக்குச் சாலை பருவகாலத்தில் தனியார் கார்களுக்கு மூடப்பட்டது. குடும்பங்கள் காரை வாயிலருகே விட்டுவிட்டுப் பேருந்தில் சென்றன. ஆபி 1989இலேயே மறைந்துவிட்டார். 2021இல் ஜையனுக்கு ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரும் ஆர்ச்சஸுக்குப் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரும் வந்தனர். மறுஆண்டு ஆர்ச்சஸில் நேரம் குறித்து முன்பதிவு செய்து வரும் முறை சோதனையாகப் புகுத்தப்பட்டது.

2023 ஆகஸ்ட் 20 அன்று ஒரு சூறாவளியின் எச்சம் மரணப் பள்ளத்தாக்கின்மேல் பெய்தது. ஓராண்டு மழைக்கு மேற்பட்ட நீர் ஒரே நாளில் கொட்டிச் சாலைகளை அரித்துச் சென்றது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பூங்கா மூடிக் கிடந்தது. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழேயுள்ள பேட்வாட்டர் உப்புப் பாளத்தில் நீர் தேங்கி, பனியூழிக் காலத்தில் அங்கிருந்து மறைந்த ஏரி மீண்டும் தோன்றிற்று. அவ்வேரிக்கு நிலவியலார் முன்பே இட்டிருந்த பெயர் மேன்லி ஏரி. 2024 பிப்ரவரியில் மேலும் மழை பெய்ய, குடும்பங்கள் சிறு படகுகளைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்து, குழந்தைகளோடு அதில் துடுப்புப் போட்டன. அம்மாத இறுதியில் எழுந்த காற்று அந்த ஆழமற்ற ஏரியை இரண்டு மைல் வடக்கே தள்ளிக்கொண்டு போயிற்று. மார்ச் முதல் வாரத்தில் படகுகள் நிறுத்தப்பட்டன, நீர் வற்றியது, உப்பு மறுபடி வெளுத்தது.