"பின் லைட் இருந்திச்சா?" – ஒரு கேள்வியின் கதை

போன மாதம் எங்கள் மாமா சுபஹுக்கு முன் வயலுக்குச் சைக்கிளில் போகும்போது, பின்னால் வந்த கன்டர் ஒன்று கரியரில் கட்டியிருந்த உரச் சாக்கில் உரசிவிட்டது. வடிகானுக்குள் விழுந்தார். தோள்மூட்டு விலகியதோடு தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "சைக்கிள்ல பின் லைட் இருந்திச்சா?" கன்டர் என்ன வேகத்தில் வந்தது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கட்டாரில் இருக்கும் மச்சான், அதாவது மாமாவின் மகன், அன்றிரவே வொய்ஸ் அனுப்பினான்: "ராடர் லைட் எண்டு ஒண்டு இருக்காம். வாப்பாக்கு வாங்கிட்டு வரவா? எதப் பாத்து வாங்குற?" அவனுக்குப் பதில் சொல்லத் தேடி வாசித்தபோதுதான், நம் ஆட்கள் கேட்ட அந்தக் கேள்விக்கே நூறு வருட வரலாறு இருப்பது விளங்கியது.

கதை தொடங்குவது பிரித்தானியாவில். 1888இல் அங்கு வந்த ஒரு சட்டம் சைக்கிளையும் வண்டியாகக் கணக்கெடுத்தது. இரவில் விளக்கு எரிய வேண்டும், முந்தும்போது மணி அடிக்க வேண்டும் என்றது. விளக்கு என்றால் முன் விளக்குதான். அன்று வீதியில் வேகமாகப் போனதே சைக்கிள்தானே! குதிரை வண்டிக்காரன்தான் அதற்குப் பயந்தான்.

மோட்டார் கார் பெருகியதும் நிலைமை தலைகீழானது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கு அல்லது சிவப்பு ரிப்ளெக்டர், இரண்டில் ஒன்று போதும் என்றது. விளக்கைக் கட்டாயமாக்கும் பேச்சு எழுந்தபோதெல்லாம் கடுமையாக எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? சைக்கிள்காரர்களே. 1878இல் தொடங்கிய சைக்கிளிஸ்ட்ஸ் ருவரிங் கிளப் என்ற சங்கம் பல வருடம் இதற்காக வாதாடியது. வாசித்தபோது எனக்கும் முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. தன் உயிரைக் காக்கும் விளக்கை ஒருவன் ஏன் வேண்டாம் என்பான்?

அவர்கள் சொன்ன நியாயம் இது: தன் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓடுவது பின்னால் வரும் சாரதியின் கடமை. இன்று நாங்கள் பின் விளக்கை ஏற்றுக்கொண்டால், நாளை எங்களை இடித்தவன் "விளக்கு எரியவில்லை, அதனால் காணவில்லை" என்று கைகழுவிவிடுவான். பார்க்க வேண்டியவனின் பொறுப்பு, பார்க்கப்பட வேண்டியவனின் தலையில் விழும். மாமாவின் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் கேட்டதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பயந்தது அப்படியே நடந்திருக்கிறது.

1934இல் வந்த சட்டம் சைக்கிளின் பின்புறத்தில் வெள்ளைப் பட்டை வேண்டும் என்றது. நம் ஊரில் பழைய ரலி சைக்கிள்களின் பின் மட்கார்ட் நுனியில் வெள்ளை அடித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது அழகுக்காக வந்ததல்ல.

வாதத்தை முடித்து வைத்தது யுத்தம். 1939 செப்டெம்பரில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து நாடு முழுக்க விளக்கணைத்தார்கள். தெருவிளக்கு இல்லை, கார்களின் முன் விளக்கும் மூடப்பட்டது. அந்த இருட்டில் சைக்கிளுக்குப் பின் விளக்கு கட்டாயமானது. 1941இல் மட்டும் பிரித்தானிய வீதிகளில் 9,169 பேர் இறந்தார்கள். அந்நாட்டு வரலாற்றிலேயே மிக அதிகம் அதுதான். 1945இல் தனிச் சட்டம் போட்டு அந்தக் கட்டாயத்தை நிரந்தரமாக்கினார்கள்.

என் கருத்தைக் கேட்டால், சங்கம் சொன்னது நியாயம். ஆனால் நியாயம் கன்டரை நிறுத்தாது. விளக்கையும் பூட்ட வேண்டும், கேள்வியை முதலில் சாரதியிடமும் கேட்க வேண்டும்.

ராடரும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். 1904இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் ஹுல்ஸ்மேயர் என்பவர் ரைன் ஆற்றில் வந்த கப்பலில் வானொலி அலை பட்டுத் திரும்புவதை வைத்து மணி அடிக்கச் செய்தார். வாங்க ஆளில்லை. 1935 பெப்ரவரி 26இல் இங்கிலாந்தில் வட்சன் வட்டும் வில்கின்ஸும் அதே வழியில் விமானத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அது சைக்கிள் சீட்டுக்குக் கீழே வர இன்னும் 80 வருடம் எடுத்தது. தென்னாபிரிக்காவின் ஐகுபு என்ற சிறிய கம்பனி செய்ததை 2015இல் கார்மின் வாங்கி, வேரியா என்ற பெயரில் விற்றது. இப்போது பிரைட்டன், மஜீன் போன்றவையும் விற்கின்றன.

இதில் ஒரு புதுமை உண்டு. இதுவரை வந்த விளக்கெல்லாம் சாரதிக்குத்தான் செய்தி சொன்னது. இது சைக்கிள்காரனுக்கும் சொல்கிறது. வேரியா பார்க்கும் தூரம் சுமார் 140 மீற்றர். மாமா 15இல் மிதிக்க, கன்டர் 60இல் வந்தால் வித்தியாசம் மணிக்கு 45 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 12.5 மீற்றர். 11 செக்கன் கிடைக்கிறது. ஒதுங்கப் போதும்.

ஆனால் மச்சான், வாங்க முன் இதையும் யோசி. இது வேகத்தின் வித்தியாசத்தைத்தான் பிடிக்கும். உன் வேகத்திலேயே பின்னால் வருபவன் இதற்குத் தெரியமாட்டான். வளைவுக்கு அப்பால் பார்க்காது. எவ்வளவு கிட்ட உரசப் போகிறான் என்றும் சொல்லாது. சந்தை வீதியில் ஓயாமல் கத்தும். எச்சரிக்கையைக் காட்ட ஸ்மார்ட் போனோ சிறிய திரையோ வேண்டும், வாப்பாவிடம் இருப்பது பட்டன் போன். எல்லாவற்றையும் விட, இது சீட் கம்பியில் பூட்டுவதற்கென்று செய்தது. வாப்பாவின் சைக்கிளில் அதற்குப் பின்னால் கரியர், கரியரில் சாக்கு. ராடருக்கும் சாக்குத்தான் தெரியும், பின்னால் வருபவனுக்கும் சாக்குத்தான் தெரியும். கரியரின் கடைசிக் கம்பியில் பூட்டக்கூடிய பிடி கிடைக்கிறதா என்று முதலில் பார். பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பதையும் கேள். அந்தப் பிடி கிடைக்காவிட்டால் சாதாரண சிவப்பு விளக்கு இரண்டு வாங்கி வா, ஒன்று எரியாவிட்டால் மற்றது இருக்கும்.

இதையெல்லாம் மாமாவிடமும் வாசித்துக் காட்டினேன். தோளில் கட்டோடு சிரித்தார். "அது கத்தினா நான் எங்க மருமகன் ஒதுங்குற? பழையபடி வடிகானுக்குள்ளதான்."

மச்சான் பெருநாளைக்கு வருகிறான். பூட்டி ஓடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.