வாடைக்காற்று மூழ்கடித்த கப்பல்

சமயக் கருத்துள்ள குழந்தைக் கதை என்றதும், நீதிபோதனைக்கு இனிப்புத் தடவிய நூல்தான் பலர் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜார்ஜ் மெக்டொனால்ட் 1871-இல் நூலாக்கிய ‘அட் தி பேக் ஆஃப் தி நார்த் விண்ட்’ (வாடைக்காற்றின் பின்னே) அந்த வகைக்குள் அடங்காது. பிரசங்க மேடையில் இடம் கிடைக்காத கேள்வியை அவர் ஒரு சிறுவனைக் கொண்டு கேட்கவைத்தார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மெக்டொனால்ட் 1850-இல் இங்கிலாந்தின் அரண்டெல் ஊரில் சபைப் போதகரானார். இறைவனின் இரக்கத்துக்கு மரணம் எல்லையல்ல, மறுமையிலும் மீட்புக்கு வழியுண்டு என்று அவர் நம்பினார். சபை மூப்பர்களுக்கு அது ஒப்பவில்லை; சம்பளத்தைக் குறைத்தார்கள். 1853-இல் அவர் பதவி விலகினார். தாயையும் உடன்பிறந்தவர்களையும் காசநோய்க்குப் பறிகொடுத்த அவருக்கு, சாவு வெறும் இறையியல் தலைப்பாக இருக்க வாய்ப்பில்லை.

கதையின் நாயகன் டைமண்ட், லண்டனில் ஒரு குதிரைவண்டிக்காரரின் மகன். லாயத்துக்கு மேலே, வைக்கோல் பரணில் படுப்பவன். தலைமாட்டுப் பலகையில் ஓர் ஓட்டை. குளிர் புகாதிருக்க அம்மா அதில் பழுப்புத் தாளை ஒட்டிவைக்கிறாள். தன் சன்னலை ஏன் அடைத்தாய் என்று வெளியிலிருந்து கேட்டபடி வருகிறாள் வாடைக்காற்று, நீண்ட கூந்தலும் பேரழகும் கொண்ட பெண்ணாக.

ஓரிரவு அவள் ஒரு கப்பலை மூழ்கடிக்கப் புறப்படுகிறாள். இவ்வளவு அன்பானவளுக்கு அதைச் செய்ய எப்படி மனம் வருகிறது என்று டைமண்ட் கேட்கிறான். எல்லா ஓலங்களையும் ஊடுருவி எங்கோ தொலைவிலிருந்து ஒரு பாட்டு தன் காதில் விழுகிறது, அதனால் தாங்க முடிகிறது என்கிறாள் அவள். சிறுவன் விடுவதில்லை: அந்தப் பாட்டு மூழ்குகிறவர்களுக்கு எப்படி உதவும்? உதவியே தீரும் என்கிறாள். ஆனால் அவள் கையில் சான்று எதுவும் இல்லை. நூலின் உயிர்நிலை இந்த உரையாடலே. நம்பிக்கையின் பக்கம் நிற்கும் ஆசிரியர், எதிர்க்கேள்வியின் கூர்மையைச் சற்றும் மழுக்கவில்லை.

மெக்டொனால்டைத் தம் ஆசான் என்று கொண்டாடிய எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் வேறு வழியில் போனார். அவருடைய நார்னியா குழந்தைக் கதை வரிசையில் 1950-இல் வெளிவந்த முதல் நூலில், கல்மேசையில் கொல்லப்பட்ட சிங்கம் அஸ்லான் விடியலில் உயிர்த்தெழுகிறது. குழந்தைகள் அதைக் கண்ணால் பார்க்கிறார்கள். வாசகரின் துயரத்துக்குக் கதைக்குள்ளேயே மருந்து கிடைத்துவிடுகிறது. டைமண்டோ கடைசியில் இறந்துபோகிறான். அவன் வாடைக்காற்றின் பின்னுள்ள நாட்டுக்குப் போய்விட்டான் என்பது கதைசொல்லியின் உறுதி மட்டுமே.

எதிர்க்கேள்வியை மழுக்காத மெக்டொனால்டின் நேர்மைக்கு இன்னொரு சாட்சி, பலரும் புரட்டித் தள்ளிவிடக்கூடிய நடுப்பகுதி. கப்பல் முழுகியதால் அதன் முதலாளி கோல்மன் நொடித்துப்போகிறார். அவரிடம் வேலைசெய்த டைமண்டின் தந்தை பிழைப்பை இழந்து வாடகை வண்டி ஓட்டுகிறார். அவர் நோயில் விழும்போது சிறுவனே கடிவாளத்தைப் பிடிக்கிறான். ஆக, தெய்வ நியாயம் பற்றிய விவாதம் ஆகாயத்தோடு முடியவில்லை. மூழ்கியவர்களுக்காக வழக்காடிய பிள்ளையின் வீட்டு அடுப்பையே அந்தப் புயல் அணைக்கப் பார்க்கிறது. வாடைக்காற்றை மரணத்தின் உருவகம் என்று மட்டும் படித்தால் இந்த வறுமை அத்தியாயங்கள் ஒட்டுப்போட்டவையாகத் தெரியும். துன்பத்தை அனுப்புகிறவரிடமே விளக்கம் கேட்கும் நூலாகப் படித்தால், கதை அவற்றின்மீதுதான் நிற்கிறது.